துபாயில் வாடகை வீடு

கேள்வி: துபாயில் வேலை கிடைத்துள்ளது. ஆண்டுக்கு 60,000 திர்ஹாம் வாடகையில் அடுக்ககம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். குடியேற எவ்வளவு பணம் தேவைப்படும்? (வாசகர், திருச்சி)

பதில்: ஆண்டு வாடகைக்குப் பின்தேதியிட்ட சில காசோலைகளை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதே அங்குப் பெருவழக்கு என்பதால், நான்கு காசோலைகளுக்கு உரிமையாளர் இசைந்தாலும் முதலில் 15,000 திர்ஹாம் போய்விடும். முன்பணமும் தரகும் வழக்கமாக ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீதம், தலா 3,000 ஆகும். ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது சிறிதாகத்தான் தோன்றும். மின்சார, குடிநீர் இணைப்புக்கு வைப்புத்தொகை 2,000. ஆக, 23,000 திர்ஹாமாவது கையில் இருக்கட்டும். பலர் கணக்கில் சேர்க்க மறப்பது மாநகராட்சியின் 5 சதவீத வீட்டுக் கட்டணத்தை. அது மாதம் 250 திர்ஹாமாக மின்கட்டண ரசீதோடு சேர்ந்தே வரும். வாடகை ஒப்பந்தங்களுக்கான துபாய் அரசின் பதிவு முறையான ‘இஜாரி’யில் உங்கள் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் மறவாதீர்கள்.