விமானம் கிளம்பாமல் தரையிலேயே பல மணி நேரம் நின்றால், இறங்கிப் போக நமக்கு உரிமை உண்டா?

உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி உரிமை இல்லை.

நெவார்க் விமான நிலையத்தில் கதவை மூடிய பிறகு இரண்டரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இறங்க விடச் சொன்னதற்கு "கேப்டன்தான் முடிவு செய்யணும்" என்று பணிப்பெண் சொன்னதாகவும், குடிக்கத் தண்ணீர் கூட வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இறங்குவதைப் பற்றி அவர் சொன்னதில் சட்டப்படி தப்பு இல்லை. தண்ணீர் விஷயம் வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அமெரிக்க விதி இதுதான். உள்நாட்டு விமானம் என்றால் 3 மணி நேரம், வெளிநாட்டு விமானம் என்றால் 4 மணி நேரம். அதற்குள் பயணிகளுக்கு இறங்க ஒரு வாய்ப்பு கொடுத்தாக வேண்டும். நீங்கள் இறங்க முடியாத நிலை எப்போது தொடங்குகிறதோ, அதாவது பெரும்பாலும் கதவு மூடிய நிமிடத்திலிருந்து, கடிகாரம் ஓடும். 3 மணி நேரத்துக்குள் விமானம், பயணிகள் ஏறி இறங்கும் வாசலான கேட்டை நோக்கித் திரும்ப ஆரம்பித்துவிட்டாலே போதும் என்று பிற்பாடு கொஞ்சம் தளர்த்தினார்கள். திரும்புவது ஆபத்து என்று விமானி நினைத்தாலோ, திரும்பினால் மொத்த நிலையமும் குழம்பிவிடும் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னாலோ அந்த 3 மணிக் கணக்கும் பொருந்தாது.

விமானம் பறந்தே ஆக வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை. நம் உரிமை கதவு வரைக்கும்தான். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சிகாகோவுக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். ஒரு ஜூலை மாதம், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு டல்லாஸில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினேன். சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் மாலை ஐந்து மணிக்குக் கதவை மூடினார்கள். கேட்டை விட்டு நகர்ந்து வரிசையில் போய் நின்றதும் இடி மின்னல் பிடித்துக்கொண்டது. மின்னல் பக்கத்தில் இருந்தால் தரை ஊழியர்களை வெளியே விடமாட்டார்கள், அதனால் யாரும் கிளம்பவும் முடியாது, கேட்டுக்கு வரவும் முடியாது. அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பஸ்ஸா இருந்தா இந்நேரம் இறங்கி ஒரு காபி குடிச்சிட்டு ஏறியிருக்கலாம்டா" என்றார். அவருக்குச் சர்க்கரை. மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுவிட்டார். புளிசாதம் டப்பா தலைக்கு மேலே பெட்டிக்குள் இருக்கிறது, பெல்ட் விளக்கு எரிவதால் எழுந்திருக்கக் கூடாது.

இரண்டு மணி நேரம் தாண்டியதும் பொத்தானை அமுக்கினேன். கோபப்படாமல் இரண்டே வாக்கியம் சொன்னேன்: இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, அம்மா நீரிழிவு நோயாளி. சாப்பாட்டையும் தண்ணீரையும் 2 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். கழிப்பறை வேலை செய்ய வேண்டும், ஏசி தாங்கும்படி இருக்க வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவ உதவியும் கிடைக்க வேண்டும். சாப்பாடு என்றால் இலை போட்டு இல்லை, ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாலும் கொடுத்த கணக்குதான். பொத்தானுக்கு வந்த பணிப்பெண் பிரெட்ஸல் பாக்கெட்டும் தண்ணீரும் கொண்டுவந்ததோடு, பையையும் அவரே இறக்கிக் கொடுத்தார்.

இரண்டே முக்கால் மணி நேரம் ஆனபோது கேட்டுக்குத் திரும்பினோம். "விருப்பம் இருப்பவர்கள் இறங்கலாம், ஆனால் நாங்கள் காத்திருக்க மாட்டோம், உங்கள் பெட்டி விமானத்திலேயே இருக்கும்" என்று அறிவித்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை, இவ்வளவு நேரம் உட்கார்ந்தாயிற்று என்ற பிடிவாதம். மறுபடி கதவு மூடியது. மூடியதும் கடிகாரம் முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது, இன்னொரு 3 மணி நேரம். இரவு பத்து மணி வாக்கில் ஊழியர்களின் பணி நேரம் முடிந்துவிட்டதென்று விமானத்தையே ரத்து செய்தார்கள். முதலில் இறங்கியவர்கள் காலை விமானத்தில் இருந்த காலி இடங்களை அதற்குள் பிடித்துவிட்டிருந்தார்கள்.

அதனால் என் அபிப்பிராயம்: கேட்டுக்குத் திரும்பினால், கைப்பை மட்டும் வைத்திருப்பவர் இறங்கிவிடுவது பல நேரம் புத்திசாலித்தனம். 2024-ல் வந்த விதிப்படி உள்நாட்டுப் பயணம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ, வெளிநாட்டுப் பயணம் 6 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், இனி போக வேண்டாம் என்று முடிவு செய்கிறவருக்கு டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும்.

தரையில் நிற்கும் விமானத்துக்கான அந்த 3 மணி நேர விதி சும்மா வந்துவிடவில்லை. 2007 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் கென்னடி நிலையத்தில் பனிமழையில் ஜெட்புளூ விமானங்கள் மணிக்கணக்கில் நின்றன. அந்த நிறுவனத்தை ஆரம்பித்த டேவிட் நீல்மன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், சில மாதங்களில் தலைமைப் பதவியும் போனது. ஆனால் அரசை அசைத்தது அதைவிடச் சின்ன சம்பவம் என்பேன். 2009 ஆகஸ்டில் ஹூஸ்டனிலிருந்து மினியாபொலிஸ் போன ஒரு குட்டி விமானம் புயலால் மின்னசோட்டாவின் ராச்செஸ்டரில் இறங்கியது. உள்ளே 47 பயணிகள், கைக்குழந்தைகளும் உண்டு. நள்ளிரவு தாண்டியதிலிருந்து விடியும் வரை கிட்டத்தட்ட 6 மணி நேரம், முனையக் கட்டடம் கண்ணுக்கெதிரே இருக்க, உள்ளேயே அடைத்து வைத்தார்கள். இறக்கிவிடுங்கள் என்று விமானியே திரும்பத் திரும்பக் கெஞ்சியிருக்கிறார். அங்கே இருந்த வேறொரு நிறுவனத்தின் ஊழியர், பாதுகாப்புச் சோதனை ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார். உண்மையில் சோதனை முடிந்த பகுதியிலேயே அவர்களை உட்கார வைத்திருக்கலாம், எந்த விதியும் தடுக்கவில்லை. டிக்கெட் விற்ற நிறுவனம், விமானத்தை ஓட்டிய நிறுவனம், அந்த ஊழியரின் நிறுவனம் என்று மூன்றுக்கும் சேர்த்து 2009 நவம்பரில் 1,75,000 டாலர் அபராதம் போட்டார்கள். இப்படித் தரையில் நிறுத்தி வைத்ததற்காக அமெரிக்காவில் போட்ட முதல் அபராதம் அதுதான். அடுத்த மாதமே 3 மணி நேர விதியை அறிவித்தார்கள், 2010 ஏப்ரல் 29 முதல் அமலுக்கு வந்தது.

அப்போது அறிவித்த உச்ச அபராதம் ஒரு பயணிக்கு 27,500 டாலர். 150 பேர் இருக்கிற விமானம் என்றால் 41 லட்சம் டாலரைத் தாண்டும். நிறுவனங்கள் பயப்படுவது இந்தப் பெருக்கலுக்குத்தான். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. விதி வந்தபின் விமானங்கள் ரத்தாகும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2011-ல் சொன்னது. அபராதமும் அரசாங்கத்துக்குத்தான் போகும், நம் கைக்கு நேராக வராது.

கைக்குப் பணம் வருவது ஐரோப்பாவில். அங்கே போய்ச் சேரும்போது 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம், காரணமும் நிறுவனத்தின் கையை மீறியதில்லை என்றால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு. இதில் எனக்கு மிகப் பிடித்த ஒரு வழக்கு உண்டு. 2012-ல் சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன் போன விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். சக்கரம் தொட்டதுதான் கணக்கு என்றது நிறுவனம். ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்ற நேரம்தான் வந்து சேர்ந்த நேரம் என்று 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உள்ளே அடைபட்டிருக்கும் வரை மனிதன் தன் வேலையைப் பார்க்க முடியாதே என்பதுதான் வாதம். அம்மாவின் காபிக் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

கனடாவிலும் 3 மணி நேரம்தான். உடனே பறக்கப் போகிறது என்றால் இன்னொரு 45 நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே 2017-ல் ஒட்டாவாவில் நின்ற ஏர் டிரான்சாட் விமானத்திலிருந்து பயணிகள் அவசர உதவி எண்ணான 911-க்கே போன் போட்டார்கள்.

இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதிப்படி, பயண நேரத்தைப் பொறுத்து 2, 3 அல்லது 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு, 6 மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம். மூடுபனி மாதிரிக் காரணத்துக்கு இழப்பீடு கிடையாது. 2024 மே மாதம் டெல்லியில் சான்பிரான்சிஸ்கோ போக வேண்டிய விமானத்தில் ஏசி இல்லாமல் சிலர் மயங்கி விழுந்தது செய்தியானது, ஏர் இந்தியாவுக்கு டிஜிசிஏ நோட்டீஸ் அனுப்பியது. அப்படி ஏதாவது நடந்தால் இந்திய அரசின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் போடலாம்.

சரி, உங்கள் விஷயம். 3 மணி நேரம் ஆகவில்லை, அதனால் இறக்கிவிடவில்லை என்ற புகார் நிற்காது. தண்ணீர் தராதது நிற்கும். கதவு மூடிய நேரம், விமானம் கிளம்பிய நேரம், எப்போது தண்ணீர் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, இந்த நான்கையும் எழுதி முதலில் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 30 நாளில் கிடைத்தது என்றும் 60 நாளில் முழுப் பதிலும் அவர்கள் தர வேண்டும். அதே கடிதத்தை அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் இணையப் படிவத்திலும் போட்டுவிடுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறீர்கள் என்றால், அவரையும் தனியாக ஒன்று போடச் சொல்லுங்கள்.