வால்வு ரேடியோல இருக்கற பழைய பேப்பர் கண்டென்சர்லாம் மீட்டர்ல வேல்யூ சரியாத்தான் காட்டுது, அப்படியே விட்டுடலாமா? மாத்தணும்னா எது வாங்கறது?

"விட்டுடலாமா"ன்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. இதே கேள்விக்கு எனக்கு நானே "தாராளமா விடலாம்"னு பதில் சொல்லிக்கிட்டு ஸ்பீக்கருக்குப் பாட்டக் கொண்டு போற அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்னக் கொன்னவன் நான். நீங்களும் ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், நாலு வீடியோ பாத்த தைரியம், இவ்வளவோட இறங்கியிருப்பீங்கன்னு நினைக்கிறேன், தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

அது எங்க சித்தப்பாவோட செட்டு. ஸ்பீக்கர ஓட்டுற அவுட்புட் வால்வு ஈஎல்84, ஏசிய டிசியாக்குற ரெக்டிஃபையர் வால்வு இஇசட்80. போட்டா ஒரே ஹம், அதான் உம்முன்னு வர்ற இரைச்சல். அந்த டிசிய சமப்படுத்தற ஃபில்டர் கண்டென்சர் காஞ்சு போயிருக்குன்னு புரிஞ்சுது, மாத்துனேன், ஹம் போச்சு. சித்தப்பா முன்னாடி எனக்கு ஒரே பெருமை. மெழுகு பூசுன பேப்பர் கண்டென்சர்ல கைய வைக்கல, ஏன்னா மீட்டர்ல 0.01 மைக்ரோ ஃபாரட் போட்டிருந்தது 0.013 காட்டுச்சு, "வயசாக ஆக ஏறியிருக்கே, நல்ல சரக்கு"ன்னு வேற சொன்னேன். கரண்ட் கசியற (லீக் ஆகுற) கண்டென்சர் மீட்டர்ல வேல்யூவ அதிகமாத்தான் காட்டும்ங்கறது அப்ப தெரியாது. முக்கால் மணி நேரம் பாடுச்சு, அப்புறம் குரல் கரகரன்னு ஆச்சு, எட்டிப் பாத்தா ஈஎல்84 உள்ள இருக்கற பிளேட்டுங்கற தகடு செக்கச்செவேல்னு இருக்கு, பிளக்கப் புடுங்கறதுக்குள்ள கருகுன வாசனை வந்து ட்ரான்ஸ்ஃபார்மரோட பிரைமரி சுத்து அறுந்து ஓபன்.

நடந்தது இதுதான். நான் விட்டுவச்ச பேப்பர் கண்டென்சர்ல ஒன்னோட வேலையே முன்னாடி வால்வோட பிளேட்ல இருக்கற டிசிய தடுத்துட்டு பாட்ட மட்டும் ஈஎல்84 கிரிட்டுக்கு, அதாவது வால்வோட கரண்ட்டக் கட்டுப்படுத்தற முனைக்கு விடறது. கிரிட் ரெசிஸ்டர் 0.47 மெகா ஓம்னு வைங்க, வெறும் 10 மைக்ரோ ஆம்ப் கசிஞ்சாலே 4.7 வோல்ட் பிளஸ் வந்து உக்காந்துடும். எலக்ட்ரான் கிளம்பற கேத்தோடுங்கற முனைய விட 7 வோல்ட் போல கீழ இருக்க வேண்டிய கிரிட் அது, மேல ஏறுனா வால்வு கரண்ட்ட அளவுக்கு மீறி இழுக்கும்! உங்க மீட்டர் சோதிக்கறது ஒன்னு ரெண்டு வோல்ட்ல, செட்டுக்குள்ள நிக்கறதோ நூறு வோல்ட்டுக்கு மேல. அதனால மீட்டர் நல்லவன்னு சொன்னத நம்பி பொண்ணு கொடுக்காதீங்க.

பேப்பர் எல்லாத்தையும் கண்ண மூடிட்டு மாத்துங்க, 630 வோல்ட் பாலியெஸ்டர் ஃபிலிம் போதும். 0.05க்கு 0.047, 0.02க்கு 0.022, பழசுலயே 20 சதவீதம் முன்ன பின்ன இருக்கும், கவலையே வேண்டாம். "ஆடியோ கிரேடு" போட்டாத்தான் பழைய குரல் வரும்னு சண்டைக்கு வர்றவங்க வரட்டும், அந்தக் காலத்து ஸ்பீக்கர்ல எனக்கு வித்தியாசம் கேக்கல, என் காது மட்டம்னே வச்சுக்கோங்க. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் பிரைமரிக்குக் குறுக்க இருக்கறதுக்கு மட்டும் 1000 வோல்ட்டுக்கு மேல போடுங்க. மெயின்ஸ்லேர்ந்து சேசிஸுக்கு (செட்டோட உலோகச் சட்டம்) போறது கட்டாயம் ஒய் கிளாஸ் சேஃப்டி கண்டென்சர், அது ஷார்ட் ஆனா சேசிஸே ஷாக் அடிக்கும். மைக்கா கண்டென்சர சும்மா நோண்டாதீங்க.

ஃபில்டருக்குப் போடற எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் 450 வோல்ட், 105 டிகிரி. 32 மைக்ரோ ஃபாரட் இருந்தா 33 போடுங்க, 8க்கு 10. கூடப் போட்டா நல்லதுதானேன்னு 100 போடாதீங்க, இஇசட்80க்கு அடுத்து வர்ற முதல் கண்டென்சர் 50 மைக்ரோ ஃபாரட்தான் உச்சம். பழசு மேலயே புதுச பேரலலா ஒட்டாதீங்க, பழச கழட்டி விட்டுட்டுப் போடுங்க. மைனஸ் எல்லாம் சேசிஸுக்குத்தான்னு நினைக்காதீங்க, சில செட்ல நடுவுல ஒரு ரெசிஸ்டர் இருக்கும், பழசோட மைனஸ் எங்க போச்சோ புதுசும் அங்கயே. கைய வைக்கறதுக்கு முன்னாடி ஃபில்டர் கண்டென்சர்ல தேங்கியிருக்கற சார்ஜ இறக்கி டிஸ்சார்ஜ் பண்ணிட்டு மீட்டர்ல பாத்துக்கோங்க.

ஒரிஜினல் போயிடுமேன்னு வருத்தப்படறவங்க மெழுக உருக்கி பழைய குழாய்க்குள்ளயே புதுச சொருகலாம், நான் பண்ணல, பொறுமை இல்ல.

சித்தப்பா ஒரு வார்த்தை திட்டல. ஆனா அதுலேர்ந்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் நான்தான் எலக்ட்ரானிக்ஸ் ஆளு, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, பேரப்பிள்ளையோட ரிமோட் காரு வரைக்கும் என் தலையில, சரி பண்ணா "சின்ன வேலைதானே", பண்ணலன்னா "இதுகூடத் தெரியாதா". ஒரு தேங்க்ஸ் கிடையாது. இத எங்க சொல்றதுன்னு தெரியல, இங்க சொல்லிட்டேன்.

ட்ரான்ஸ்ஃபார்மர் மறுபடி சுத்தி வாங்கி இப்ப பாடுது. முதல்ல அந்த கிரிட் கண்டென்சர மாத்துங்க, மத்தது மெதுவா. ஒவ்வொன்னா மாத்தி ஒவ்வொரு தடவையும் போட்டுப் பாருங்க, மொத்தமா வெட்டிட்டா எது எங்க இருந்துச்சுன்னே தெரியாது. உங்க செட்ல என்ன அவுட்புட் வால்வுன்னு சொல்லவே இல்லையே?