எழுத்தாளரே தன் கதையைப் பற்றிச் சொன்னால் அப்படியே நம்பணுமா?

ஆசிரியர் கூற்று என்றால், கதை வெளியான பிறகு பேட்டியில் 'அந்தப் பாத்திரம் சாகவில்லை' என்று எழுதியவரே சொல்வது. எப்படி எழுதினார், எதை வெட்டினார் என்பதற்கு அவர்தான் நல்ல சாட்சி. ஆனால் அர்த்தம் என்று வந்தால் அவரும் ஒரு வாசகர்தான், ஏனென்றால் நினைத்ததெல்லாம் எழுத்தில் இறங்குவதில்லை (1967-லேயே பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் இதை இன்னும் கடுமையாகச் சொல்லிவிட்டார்).

எங்கள் காரைக்குடிப் பக்கம், தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பாருங்கள்: கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு மூடிவிடுவார்கள், இறுகிய பிறகு கண்ணாடியைக் கழற்றினால்தான் பூவின் முகமே தெரியும். ஊற்றியவர் தாமரை என்று சொல்லட்டும், தரையில் ரோஜா மாதிரி இருந்தால் ரோஜாதான்.

அதற்காக வாசகர் சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. அவரும் கதையிலிருந்து வரியைக் காட்டணும்.