பாலேயில் சவுக்க காலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலே பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் ‘ஸ்வான் லேக்’ பதிவுகளைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். கறுப்பு அன்னமான ஓடில் ஒற்றைக்காலில் 32 முறை சுழலும் இடம் வந்தால் விரல்விட்டு எண்ணுவேன். ஆனால் நீங்கள் கொண்டாடும் ரஷ்ய ஆட்டக்காரர் உலானோவாவின் ‘ஜிசெல்’ படம் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வயதான பெண்மணி, கால் அப்படியொன்றும் உயரவில்லை, சுழற்சியும் குறைவு. ‘லா பாயதேர்’ நிழல்கள் காட்சியில் பெண்கள் வரிசையாகச் சரிவில் இறங்கி வருகிறார்கள், அவ்வளவுதான். இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த பாலேயின் நாயகி இந்தியக் கோயில் நடனக்காரி. நம் தேவதாசிகளுக்கும் அதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

தாராளமாக எண்ணுங்கள். அந்தச் சுழற்சியை அங்கே வைத்ததே எண்ணிக் கைதட்டத்தான். மிலானில் பயின்ற பியெரினா லெக்னானி 1893-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ‘சிண்ட்ரெல்லா’ ஆடியபோது 32 ஃபுவெத்தே (நீங்கள் எண்ணும் அந்தச் சுழற்சி) போட்டு அசத்தினார். 1895-இல் நடன அமைப்பாளர்கள் பெதிபாவும் இவானோவும் ‘ஸ்வான் லேக்’கைப் புதிதாக அமைத்தார்கள். நாயகி அதே லெக்னானி என்பதால் வித்தையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. கதைக்கு அது தேவையா என்று கேட்டால், ஓடில் இளவரசனை மயக்கி முடித்த பிறகுதான் அது வருகிறது. வெற்றிக் களிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எண்ணுவதோடு நிறுத்தினால் பார்க்க வேண்டியது கைவிட்டுப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் ஊன்றிய கால் குதிகாலை இறக்கி முழங்காலை மடக்குகிறது. அதே நேரத்தில் மற்றக் கால் நீள்கிறது (சிலர் முன்னால் நீட்டிப் பக்கவாட்டுக்கு வீசுவார்கள், ரஷ்யப் பள்ளிக்காரர்கள் நேராகப் பக்கத்திலேயே நீட்டுவார்கள்). பிறகு அந்தப் பாதம் முழங்காலுக்கு மடங்கி வர, ஊன்றிய கால் மறுபடி நுனிக்கு ஏறுகிறது. விரிந்த கைகள் மூடும்போது சுழற்சி வேகம் கூடும். தலை மட்டும் உடம்போடு போகாமல் கடைசிவரை அரங்கைப் பார்த்துவிட்டு, சட்டென்று திரும்பி முதலில் வந்து சேரும்.

தவறு பெரும்பாலும் நடப்பது சுழலும்போது அல்ல, இறங்கும்போது. குதிகால் இறங்கும் கணத்தில் எடை நேர்கீழே விழாமல் முன்னால் சாய்ந்தால், அடுத்த ஏற்றம் அரை அடி தள்ளி நடக்கும். பத்துச் சுற்றில் அவர் மேடை விளிம்புப் பக்கம் வந்துவிடுவார். நீட்டிய கால் இடுப்புக்கோட்டைத் தாண்டிப் பின்னால் போனால் முதுகு கோணும். களைத்ததும் அந்தக் கால் மெல்லத் தாழத் தொடங்கும், பதினாறுக்குப் பிறகு கவனியுங்கள். முதல் பாதியில் இரட்டை, மும்மடங்குச் சுழற்சி செருகுகிறவர்கள் இரண்டாம் பாதியில் இதற்கு விலை கொடுப்பார்கள்.

இத்தனை இருந்தும் இது பாலேயின் மிகக் கடினமான இடம் இல்லை என்பேன். சுழற்சிக்கு உந்துவிசை உண்டு. ஒரு சுற்றின் கோணலை அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ளலாம், பார்க்கிறவருக்குத் தெரியாது. பரதநாட்டிய வர்ணத்தைச் சவுக்க காலத்தில், அதாவது மெதுவான கதியில், ஆடச் சொன்னால் யார் தேறுவார்கள் என்று நட்டுவனாருக்குத் தெரியும். பாலேயிலும் அதேதான், மெதுவாக ஆடும்போது ஒளிந்துகொள்ள இடமில்லை. ரஷ்ய ஆட்டக்காரர் மாயா பிளிசெட்ஸ்கயா ஃபுவெத்தேயை விட்டுவிட்டு மேடையைச் சுற்றி வட்டமாகச் சுழன்று போவார். அவர் ஓடில் அதனால் துளியும் குறையவில்லை. வெள்ளை அன்னத்தின் அடாஜியோவில் (மெதுவான ஆட்டப் பகுதியில்) அவர் கையசைவை யாராவது ஈடு செய்திருந்தால் சொல்லுங்கள்.

‘ஸ்லீப்பிங் பியூட்டி’யின் (1890) ரோஸ் அடாஜியோவை எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசி அரோரா ஒரு கால் நுனியில் நிற்கிறாள், மற்றக் கால் பின்னால் மடங்கி உயர்ந்திருக்கிறது. நான்கு இளவரசர்கள் முறைவைத்து வந்து அவள் கையைப் பிடிக்கிறார்கள். ஒருவர் கையை விட்டு, தன் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, அடுத்தவருக்கு நீட்ட வேண்டும். கடைசியில் ஒவ்வொருவரும் அவளை ஒரு முழு வட்டம் சுற்றிவைத்து விடுவார்கள், அதன் பிறகும் அவள் நிற்க வேண்டும். இங்கே ஆளைக் கவிழ்ப்பது பயம். பயந்தால் பிடித்த கையை அழுத்துவார். அழுத்தினால் எடை அந்தப் பக்கம் போய்விடும், விட்டதும் எதிர்ப்பக்கம் சாய்வார். கணுக்கால் நடுங்கும், அந்த நடுக்கம் விரல் வழியாக இளவரசனுக்கும் ஏறும். இளவரசன் செய்யக்கூடிய ஒரே உதவி முன்கையைக் கம்பிபோல் அசையாமல் வைத்திருப்பது. ‘நான் தாங்குகிறேன்’ என்று அவர் நகர்ந்தால் காரியம் கெட்டது.

போருக்குப் பின் 1946 பிப்ரவரியில் லண்டன் ராயல் ஆப்பெரா ஹவுஸ் மறுபடி திறந்தபோதும், 1949-இல் அங்கே ஆடிய பாலே குழு நியூயார்க் போனபோதும், முதல் இரவில் அரோரா ஆடியவர் மார்கோ ஃபான்டெய்ன். ஃபுவெத்தேயில் அவரை மிஞ்சியவர்கள் பலர் உண்டு. அரோராவாக அவர் நின்ற நிலையை மிஞ்சுவது வேறு கதை. இப்போது கிடைக்கும் பதிவுகளில் 2006-இல் ராயல் பாலே படமாக்கிய அலினா கொஜொகாருவைப் பாருங்கள். அந்தக் கையைக் கொடுப்பதில் அவசரமே இல்லை. அடுத்த இளவரசனின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விரலை நீட்டுகிறார்.

உலானோவா விஷயத்துக்கு வருகிறேன். 1956-இல் மாஸ்கோவின் பால்ஷாய் குழு முதன்முறை லண்டன் வந்தபோது அவருக்கு 46 வயது. அந்தப் பயணத்தில்தான் நீங்கள் பார்த்த ‘ஜிசெல்’ படமாக்கப்பட்டது. கால் உயரவில்லை என்கிறீர்கள். அன்றைய அளவு அதுதான். அரபெஸ்கில் (ஒரு காலில் நின்று மறு காலைப் பின்னால் நீட்டும் நிலை) பின்கால் இடுப்பு மட்டத்தைத் தாண்ட இடுப்பெலும்பு முன்னால் சரிய வேண்டும், கூடவே மார்பும் சரியும். காதருகே காலைக் கொண்டுபோகும் பழக்கம் பிரெஞ்சு ஆட்டக்காரர் சில்வி கியேம் தலைமுறையில் பரவியது. அவர் விஷயத்தில் அது அழகு, அவரைப் பார்த்துச் செய்த பலரிடம் வெறும் உடற்பயிற்சி.

உலானோவாவிடம் பார்க்க வேண்டியது ஆயத்தம். எந்தத் தாவலுக்கும் முன்னால் முழங்கால் மடங்கியாக வேண்டும், அது இயற்பியல். சாதாரண ஆட்டக்காரர் மடங்கும்போதே ‘இதோ தாவப் போகிறார்’ என்று நமக்குத் தெரிந்துவிடும். உலானோவா அந்த மடங்கலை முந்தைய அசைவின் வாலாகவே முடித்துவிடுவார். அடுத்த கணம் அவர் காற்றில் இருக்கிறார், எப்போது கிளம்பினார் என்று சொல்ல முடியாது. முதல் அங்கத்தின் பித்துக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். முன்பு பூவிதழ்களைப் பிய்த்து ‘காதலிக்கிறான், காதலிக்கவில்லை’ என்று பார்த்தாளே, அதை இப்போது பூ இல்லாமலே செய்கிறாள். புதிய அடவு ஒன்றுகூடக் கிடையாது, பழைய அடவுகள் தளர்ந்தும் தடுமாறியும் திரும்ப வருகின்றன. லாவ்ரோவ்ஸ்கியின் ‘ரோமியோ ஜூலியட்’டில் பாதிரியாரைத் தேடி அவர் மேலங்கி பறக்க ஓடுவதும் அப்படித்தான். வெறும் ஓட்டம், அடவு என்று பெயர் சொல்ல ஒன்றுமில்லை.

நிழல்கள் காட்சிக்கு முன் உங்கள் தேவதாசிக் கேள்வியை முடித்துவிடலாம். கிளைவழியாகத் தொடர்பு உண்டு. 1838-இல் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு தேவதாசிக் குழு பாரீஸ் போய் ஆடியது. அதில் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்து பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே மயங்கி எழுதினார். அவர்தான் பின்னர் ‘ஜிசெல்’ (1841) கதையை எழுதியவர்களில் ஒருவர், ‘சகுந்தலா’ பாலேக்கும் (1858) கதை அவருடையதே. அதை அமைத்த லூசியென் பெதிபாவின் தம்பி மாரியூஸ் பெதிபா, 1877-இல் ‘லா பாயதேர்’ செய்தார். ஆனால் அம்மணியின் ஒரு அடவுகூட அதில் இல்லை. இசையமைப்பாளர் மின்குஸின் இசை பல இடங்களில் ஐரோப்பிய வால்ஸ் தாளத்தில் போகிறது. அதில் இந்தியாவைத் தேடினால் சிரிப்புதான் வரும்.

இனி அந்தச் சரிவு. பெரிய குழுக்களில் 32 பேர், மற்ற இடங்களில் 24. ஒவ்வொருவரும் செய்வது மூன்றே காரியம்: முன்னால் காலெடுத்து முழங்காலை மடக்கி அரபெஸ்க், பின்னால் வளைந்து கைகளை உயர்த்துதல், இரண்டடி நடை. ஒரு சுற்றுக்கு ஒருவர் வீதம் புதிதாக நுழைவதால், 32 பேர் ஆடும் இடத்தில் முதலில் வருகிற பெண் குறைந்தது 32 அரபெஸ்க் போட்டாக வேண்டும். அதுவும் முதலில் சரிவில், பிறகு தரையில், மடங்கிய முழங்காலில், தொடை எரிய எரிய. பின்னால் வருகிறவர்களை அவர் பார்க்க முடியாது. ஒருத்தி அரை மாத்திரை முந்தினால் இடைவெளி சுருங்கும், அந்தப் பிழை அவளுக்குப் பின்னால் வரும் அத்தனை பேர் மேலும் விழும். எல்லோரும் தரைக்கு வந்ததும் ஓய்வில்லை. வரிசைகட்டி நின்று, அதே களைத்த காலில் ஊன்றி, மற்றக் காலைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கி நிறுத்த வேண்டும். பிடித்துக்கொள்ள இளவரசன் யாரும் இல்லை. நாயகியை ஆடுகிறவர்கள்கூட இந்தக் காட்சியில் பின்வரிசைக்குத்தான் கவலைப்படுவார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நீங்கள் பார்த்த பதிவில் ஒளிப்பதிவாளர் முகங்களை நெருங்கிக் காட்டிக்கொண்டே இருந்திருப்பார், அதனால்தான் ‘அவ்வளவுதான்’ என்று தோன்றியிருக்கும். ஆட்டக்காரரும் நடன அமைப்பாளருமான நூரியெவ் தன் கடைசிப் படைப்பாக 1992-இல் பாரீஸ் ஆப்பெராவுக்குச் செய்த ‘லா பாயதேர்’ பாலேயின் 1994 பதிவு கிடைக்கிறது. மேடை முழுவதும் தெரியும் காட்சிகளில் முதல் பெண்ணை விட்டுவிட்டு ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வருகிறவரைத் தேர்ந்தெடுத்து, சரிவு முடியும்வரை அவர் பின்கால் நுனியை மட்டும் தொடருங்கள்.

அன்புடன்