கூட்டுக்குள் வந்த மீனும் வராத மீனும்

குடைபோல விரிந்து, இரு முனையிலும் புனல் வாயோடு நிற்கும் மலிவான வலைக்கூட்டைப் பற்றி இந்த முறை ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. குளத்தில் என்ன மீன் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டவர்கள் பாதி, ஏமாந்தவர்கள் மீதி.

கேள்வி: மூன்று நாள் கூடு போட்டும் விரல் நீள மீன்களே வந்தன. பெரிய கெண்டைகள் துள்ளுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூடு பழுதா?

பதில்: புனல் வாயை அளந்தீர்களா? உள்ளங்கை அகலக் கெண்டை ஐந்து சென்டிமீட்டர் ஓட்டையில் எப்படி நுழையும்? கூட்டில் பழுதில்லை.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. மாணவர்களுக்குக் காட்ட வாங்கினேன். படத்தில் பொடிக்கண் வலை, வந்ததோ பெரிய கண். குஞ்சுகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடுகின்றன. தண்ணீரில் நனைத்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார் விற்றவர்.

பதில்: நனைக்காமல் ஒரு மீன்கூட்டை எப்படிச் சோதிப்பதாம்? உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை அம்மா. இது என் பழைய புண். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலைக்கண்ணை அளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை அளக்கலாம். அல்லது கண்ணை இழுத்து நீட்டி, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே அளக்கலாம். பக்கம் 5 மில்லிமீட்டர் உள்ள சதுரக் கண்ணை இழுத்து அளந்தால் ஏறத்தாழ 10 வரும். வலை அதேதான், எண் இரண்டு மடங்கு! விற்பவர்கள் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு எது என்று சொல்வதில்லை. பலர் அந்த எண்ணைக்கூடப் போடாமல் 'நடுத்தரம்' என்று எழுதி முடித்துக்கொள்கிறார்கள். நடுத்தரம் என்பது சட்டைக்கு அளவாகலாம், வலைக்கு ஆகாது.

நானும் பட்டிருக்கிறேன். முதல் கூட்டின் கம்பி துருப்பிடித்ததும் அதே பெயரில், அதே படத்தோடு இன்னொன்று வாங்கினேன். இரண்டாம் ஆண்டு என் குறிப்பேட்டில் 'குஞ்சுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன' என்று கவலையோடு எழுதி வைத்தேன். பிறகுதான் இரண்டு வலைகளையும் அடுத்தடுத்து விரித்து வைத்து அளந்தேன். பழையது 4 மில்லிமீட்டர், புதியது 8. குளம் அப்படியேதான் இருந்திருக்கிறது.

நீங்களும் அளந்துவிடுங்கள். வலையைத் தளர்வில்லாமல் பரப்பி, பத்துக் கண்களைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். அளவுகோலோடு ஒரு படம் எடுத்து, விற்பனை விவரத்தின் படத்தையும் இணைத்து, எழுத்து மூலமாகவே கேளுங்கள். நீங்கள் மனம் மாறித் திருப்பித் தரவில்லை. சொன்ன பொருள் ஒன்று, வந்த பொருள் வேறு. நனைந்ததா காய்ந்ததா என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

கேள்வி: இரை வாசனைத் திரவம் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். என்னிடம் முக்கால் பாட்டில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. நாய்களுக்கான உலர்தீவனத்தில் நான்கு துண்டு போதும்.

கேள்வி: ஓர் இரவில் 37 மீன்கள் சிக்கின. அப்படியானால் குளத்தில் மொத்தம் எத்தனை?

பதில்: 37 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. ஒரு கூடு, 12 மணி நேரம், 37 மீன். ஆக மணிக்குச் சுமார் மூன்று. அடுத்த மாதமும் அதே கூட்டை அதே இடத்தில் அதே நேரம் போட்டால் கூடியதா குறைந்ததா என்று தெரியும். மொத்தம் வேண்டுமென்றால் பீட்டர்சன் என்ற டென்மார்க் மீனியலாளரின் பெயரால் வழங்கும் பழைய வழி இருக்கிறது. பிடித்த 40 மீன்களின் வால் துடுப்பு நுனியில் துளி நறுக்கி விட்டுவிடுங்கள். சில நாள் கழித்துப் பிடித்த 50இல் 10 அடையாளத்தோடு வந்தால், 40ஐ 50ஆல் பெருக்கிப் பத்தால் வகுக்க 200. இடையில் மீன் வரவும் போகவும் கூடாது, நறுக்கியவை செத்துவிடவும் கூடாது. அந்த 200உம் உங்கள் கூட்டில் நுழையக்கூடிய அளவு மீன்களின் கணக்குதான். முதல் கடிதக்காரரின் கெண்டைகள் இதில் சேராது.

கேள்வி: காலையில் எடுத்தபோது பாதி மீன்கள் செத்திருந்தன. ஒரு தவளையும்.

பதில்: இரவெல்லாம் பாசியும் செடிகளும்கூட உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றன. விடியலுக்குச் சற்று முன்புதான் குளத்தில் அது மிகக் குறைவு. அந்த நேரத்தில் கூட்டுக்குள் நெருக்கியடித்துக் கிடந்தால் பிழைக்குமா? பகலில் ஓரிரு மணி நேரம் போட்டு எடுங்கள். வெற்று பாட்டில் ஒன்றை மூடி உள்ளே வைத்தால் கூட்டின் மேற்பகுதி நீருக்கு மேலே நிற்கும், தவளையும் ஆமையும் மூச்சுவிடும். நான் ஒரு முறை பாட்டில் வைக்காமல் ஓர் ஆமையை இழந்தேன். அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

கேள்வி: 'துருப்பிடிக்காது' என்று போட்டிருந்தது. ஈரத்தோடு மடித்துப் பையில் வைத்தேன், இரண்டே மாதத்தில் துரு.

பதில்: விற்றவர் பொய் சொன்னார். நீங்கள் அதற்குத் துணைபோனீர்கள். அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மடியுங்கள். ஈரக் கூட்டை அடுத்த குளத்தில் போட்டால் இந்தக் குளத்து நத்தையும் களையும் இலவசமாக அங்கே போய்ச் சேரும்.

கேள்வி: பொதுக் குளத்தில் போடலாமா?

பதில்: மீன்வளத் துறையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கூடு வாங்கிய ரசீது அனுமதிச் சீட்டு ஆகாது.

கேள்வி: கயிற்றைக் கரையில் கட்ட மறந்து வீசிவிட்டேன். தானாக மேலே வருமா?

பதில்: வராது. நைலான் மட்கவும் மட்காது. உள்ளே சிக்கிய மீன் செத்தால் அதைத் தின்ன இன்னொன்று நுழையும், பிறகு அதுவும் சாகும். நீளக் கழியில் கொக்கி கட்டித் துழாவி எடுங்கள். புதுக் கூடு எது வாங்கலாம் என்று அதே கடிதத்தின் கீழே கேட்டிருக்கிறீர்கள். பழையது கரையேறிய பிறகு எழுதுங்கள், சொல்கிறேன்.