சோடியம் பென்சோயேட் சேர்த்த ஊறுகாய் சாப்பிட்டால் அது உடம்பிலேயே தங்கிவிடுமா?

தங்காது. உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் இந்த உப்பு, புளிப்பில் பென்சாயிக் அமிலமாக மாறுகிறது. பென்சாயிக் அமிலம் என்பது ஆறு கார்பன் வளையத்தில் ஒரு கார்பாக்சில் தொகுதி (அமிலத்தன்மை தரும் பகுதி) ஒட்டியிருக்கும் சின்ன மூலக்கூறு. அதன் pKa சுமார் 4.2, அதாவது pH 4.2-க்குக் கீழே புளிப்பு கூடக்கூட அது மின்னூட்டம் இழந்த வடிவத்தில் அதிகமாக இருக்கும். அதனால் புளிப்பான ஊறுகாயில் பெரும்பகுதி மின்னூட்டம் இல்லாமல் இருந்து, பூஞ்சைக்குள் எளிதாக நுழைந்து அதை அடக்குகிறது. புளிப்பில்லாத உணவில் அவ்வளவாகப் பலன் இல்லை.

சரி, உடம்புக்குள்? கல்லீரல் செல்களின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில், ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு செலவாகி, பென்சோயேட் கோஎன்சைம் ஏ என்ற துணை மூலக்கூறுடன் இணைகிறது. அப்புறம் கிளைசின் என்ற அமினோ அமிலம் சேர்ந்து ஹிப்பூரிக் அமிலமாகிச் சிறுநீரில் போய்விடும், பெரும்பாலும் ஒரே நாளுக்குள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: ஒவ்வொரு கிளைசினும் ஒரு நைட்ரஜனையும் கூடவே வெளியே கொண்டுபோகிறது. நைட்ரஜன் உள்ள அம்மோனியாவை யூரியாவாக மாற்ற முடியாத யூரியா சுழற்சிக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளுக்கு ரத்தத்தில் அம்மோனியா ஏறும்போது, மருத்துவர்கள் இதே பென்சோயேட்டை மருந்தாகக் கொடுக்கிறார்கள். பூனைகளுக்கு இது ஆகாது, மற்ற பல விலங்குகளைவிடக் குறைந்த அளவே நஞ்சாகிவிடும்.