டிராக்கில் மோதிய கார், அவிநாசி ரோட்டில் ஓடாத நாய்

கேள்வி: கோவையில் சொந்தத் தொழில் செய்கிறேன். போன வருடம் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. சென்ற மாதம் நண்பர்களோடு ஒரு டிராக் டேவுக்கு (பந்தயப் பாதையில் சொந்தக் காரை வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள்) போனேன். பணம் கட்டி, ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, ஹெல்மெட்டோடுதான் இறங்கினேன். மதியம் ஒரு வளைவில் பிரேக் தாமதமாகி கார் சுழன்றது. பின்னால் வந்தவர் என் பின்சக்கரப் பக்கம் இடித்தார், அந்த வேகத்தில் நான் டயர் அடுக்கிய தடுப்புச் சுவரில் போய் மோதினேன். யாருக்கும் அடி இல்லை. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் 11 லட்சம். ஏஜென்ட், "அவிநாசி ரோட்டில் ராத்திரி நாய் குறுக்கே வந்ததுன்னு எழுதிக் கொடுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். இடித்தவர் தன் காருக்கு 3 லட்சம் கேட்கிறார். டிராக் டே நடத்தியவர்கள் தடுப்புச் சேதத்துக்கு 40,000 கேட்கிறார்கள். காரில் எக்ஸாஸ்ட் மாற்றியிருக்கிறேன், ஆர்.சி.யில் ஏற்றவில்லை. கிளைம் ஃபாரம் இன்னும் கொடுக்கவில்லை. என்ன செய்யலாம்? டிராக் டே போவதே சட்டப்படி தப்பா?

பதில்: முதலில் அந்த நாயை விட்டுவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு வழி இருக்கிறது, ஃபாரத்தில் நாயை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மோட்டார் கிளைம் என்றாலே சேதத்தை மதிப்பிட லைசென்ஸ் பெற்ற சர்வேயர் வந்து பார்த்தாக வேண்டும். 11 லட்சத்துக்கு வருகிறவர் அனுபவசாலியாகத்தான் இருப்பார். அவர் பம்பரை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார். சக்கரத்துக்கு மேலே உள்ள குழிவில் கையை விட்டுத் தடவுவார். டிராக்கில் ஓடிய காரில் அங்கே உருகிய ரப்பர் பொடி உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்கும். முன்டயரின் வெளி ஓரம் சாதாரண ரோட்டில் தேயாத விதத்தில் மழுங்கியிருக்கும். நாய் மீது மோதிய கார் என்கிறீர்கள், பம்பர் முழுக்க டயர் சுவரின் கறுப்புத் தேய்ப்பு இருக்கும். பின்சக்கரப் பக்கம் வேறு ஒருவர் காரின் பெயின்ட் இருக்கும். காரின் கம்ப்யூட்டர் கடைசி நிமிடத்தில் என்ன வேகம், எத்தனை முறை பிரேக் என்று பதிந்து வைத்திருக்கக்கூடும். ஃபாஸ்டேக் கணக்கு ஒரு பக்கம். இதெல்லாம் போக உங்கள் நண்பர்களில் யாராவது ஒருவர் அன்று சாயங்காலமே இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டிருப்பார், இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பொய் என்று தெரிந்ததும் கிளைம் போய்விடும், அது சின்ன விஷயம். ஏமாற்றிப் பணம் பெறுவது பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இன் கீழ் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம், முயற்சி செய்து பணம் வராவிட்டாலும் முயற்சிக்கே வழக்கு வரும். "மீதியைப் பார்த்துக்கறேன்" என்கிற ஏஜென்ட் அந்த ஃபாரத்தில் எங்கேயும் கையெழுத்துப் போடப்போவதில்லை. போடப்போவது நீங்கள்.

சரி, உண்மையைச் சொன்னால் பணம் வருமா? பெரும்பாலும் வராது. உங்கள் பாலிசியை எடுத்து "லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்" என்று இருக்கும் பத்தியைப் படியுங்கள், சொந்தக் காருக்கான பாலிசிகளில் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், பேஸ் மேக்கிங் (மற்ற வண்டிகளுக்கு வேகம் வகுத்து முன்னால் ஓடுவது), வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் (வண்டி எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் ஓட்டம்), மோட்டார் வியாபாரம் ஆகியவை தவிர வேறு எந்த உபயோகத்துக்கும் இந்தப் பாலிசி செல்லும் என்று இருக்கும். ரேலி, ரிலையபிலிட்டி டிரையல் ஆகியவற்றுக்கு மட்டும் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள ஐ.எம்.டி. 31 என்று ஒரு என்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கும் துணை நிபந்தனை) பழைய மோட்டார் டாரிஃபிலிருந்தே உண்டு, சர்க்யூட்டில் சுற்றுவதற்கு அது உதவாது.

இதில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. நீங்கள் போனது பந்தயமா? கொடி காட்டி ஒன்றாகக் கிளப்பிவிடவில்லை, முதல் பரிசு இல்லை, நேரம் எடுத்துப் பட்டியல் ஒட்டவில்லை, நேர்ப்பாதையில் முன்னால் போகிறவர் கைகாட்டினால்தான் முந்தலாம் என்று காலையிலேயே சொல்லியிருப்பார்கள். அப்படியானால் இது பந்தயமே இல்லை, ஓட்டுப் பழகும் நாள் என்று வாதாடலாம். விலக்கு நிபந்தனையில் இரண்டு அர்த்தம் வந்தால் அதை எழுதிய கம்பெனிக்கு எதிராகத்தான் படிக்க வேண்டும் என்பது நம் நீதிமன்றங்களில் நிலைத்துப்போன விதி. ஆனால் கம்பெனி வக்கீல் "வேகச் சோதனை" என்ற அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்வார். டிரான்ஸ்பாண்டர் என்ற நேரம் பதியும் கருவியைக் கட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் லேப் டைம் எடுத்திருந்தால் உங்கள் வாதம் அங்கேயே பாதி செத்தது.

இன்னொரு பிடி, 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அமலேந்து சாஹு தீர்ப்பு. சொந்த உபயோகத்துக்கு என்று இன்சூர் செய்த வண்டி வாடகைக்கு ஓடி விபத்துக்குள்ளானது, கம்பெனி மொத்தமாகக் கைவிரித்தது. உபயோக நிபந்தனையை மீறினாலும் முழுதாக மறுக்கக்கூடாது, 'நான்-ஸ்டாண்டர்டு' முறையில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும் என்றது கோர்ட். அந்த முறையில் அதிகபட்சம் 75 சதவீதம். உங்கள் விஷயத்தில் இது அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து, ஏனென்றால் அங்கே வாடகைக்கு ஓட்டியதால்தான் விபத்து நடந்தது என்று சொல்ல முடியாது, இங்கே டிராக்கில் வேகமாகப் போனதால்தான் நடந்தது. ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதி, "இது போட்டி அல்ல, ஓட்டுநர் பயிற்சி நாள்" என்று நிகழ்ச்சி அறிவிப்பின் நகலை இணைத்து (அது நிஜமாகவே அப்படி இருந்தால் மட்டும்) கிளைம் கொடுங்கள். ஒரு மாதம் தாமதமானதைக் கம்பெனி காரணமாகச் சொல்லலாம். நியாயமான கிளைமைத் தாமதம் ஒன்றுக்காக மட்டும் தள்ளக்கூடாது என்று 2011லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. சுற்றறிக்கை போட்டிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 50 லட்சம் வரை அவர் விசாரிப்பார், கட்டணம் கிடையாது, வக்கீலுக்கும் அங்கே இடம் கிடையாது. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே 11 லட்சத்தை வைத்துக் கட்டணம் கணக்கிடமாட்டார்கள், நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போகாதீர்கள்.

இடித்தவருக்கு வருவோம். 3 லட்சத்தை உங்கள் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கொடுக்குமா என்று யோசித்திருப்பீர்கள். கொடுக்காது. பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் ஓட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டு அதை எதிர்வாதமாக வைக்கும் உரிமையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆவது பிரிவே கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறது. ஆக, கொடுக்க வேண்டியிருந்தால் உங்கள் பையிலிருந்துதான்.

ஆனால் கொடுக்க வேண்டுமா? நீங்கள் கையெழுத்திட்ட அதே பத்திரத்தில் அவரும் கையெழுத்திட்டிருப்பார். "நடத்துபவர்கள் மீதோ சக பங்கேற்பாளர்கள் மீதோ இழப்பீடு கோரமாட்டேன்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள், பல பத்திரங்களில் இருக்கும். இருந்தால் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு அவருக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டாலும், ரிஸ்க் தெரிந்து இறங்கிய இரண்டு பேரில் ஒருவர் மற்றவரிடம் பணம் கேட்க வேண்டுமானால் வெறும் விபத்து போதாது, கவனக்குறைவைக் காட்ட வேண்டும். வளைவில் பிடி நழுவிச் சுழல்வது டிராக்கில் எதிர்பார்க்கக்கூடிய ஒன்று. நீங்கள் ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடியைப் பார்த்தும் வேகத்தைக் குறைக்கவில்லை, முந்தக்கூடாத இடத்தில் முந்தினீர்கள் என்றால் கதை வேறு. அவரும் போதிய இடைவெளி விட்டு வந்தாரா என்ற கேள்வியும் உண்டு. டிராக்கைக் கண்காணிக்கும் மார்ஷல் எழுதிய அறிக்கையின் நகல், உங்கள் காரில் கேமரா இருந்தால் அந்தப் பதிவு, இரண்டையும் இன்றே பத்திரப்படுத்துங்கள்.

அன்று ராத்திரி குரூப்பில் "ப்ரோ, என் தப்புதான், செலவை நான் பார்த்துக்கறேன்" என்று ஏதாவது தட்டிவிட்டீர்களா? வாட்ஸ்அப் சாட்சியம் கோர்ட்டில் செல்லும். போட்டிருந்தால் அழிக்காதீர்கள், இனிமேல் போடாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் இருக்காதீர்கள்.

தடுப்புக்கு 40,000 என்பதில் நான் பெரிதாகச் சண்டை போடமாட்டேன். டிராக்கைச் சேதப்படுத்தினால் ஈடு செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது செல்லும் ஒப்பந்தம்தான். எத்தனை மீட்டர் தடுப்பு, என்ன விலை என்று பில் கேளுங்கள், அதன்படி கொடுங்கள். அதே பத்திரத்தில் "எங்கள் அலட்சியத்தால் என்ன நடந்தாலும் பொறுப்பில்லை" என்று இருந்தால் அது அவர்களுக்கு முழுக் கவசம் இல்லை. பணம் வாங்கிச் சேவை தருகிறவர்கள், நீங்கள் நுகர்வோர். ஆம்புலன்ஸ் நிறுத்தாமல் நடத்தினால் நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம், அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவில் 5 ஆண்டு வரை தண்டனை, அதை எந்த முத்திரைத்தாளும் தடுக்காது. உங்கள் கடிதத்தில் அவர்கள் செய்த தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

டிராக் டே போவது தப்பா என்றால், இல்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை என்று வேகமாக ஓட்டுவதற்கென்றே கட்டிய இடங்கள் நம் ஊரில் இருக்கின்றன, அங்கே போவதில் குற்றம் எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 189 தண்டிப்பது அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விடுவதை: முதல் தடவை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம் அல்லது இரண்டும். ஈ.சி.ஆரில் விடியற்காலை நடப்பது இந்தப் பிரிவுக்குள் வரும். வேலி போட்டு, அனுமதி இல்லாமல் யாரும் நுழைய முடியாத வளாகம் பொது இடம் ஆகாது என்று 2025இல் விசாகப்பட்டினம் உருக்காலை வளாக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது வாகன வரி பற்றிய வழக்கு என்றாலும் 'பொது இடம்' என்ற அதே வரையறையைத்தான் பார்த்தது. ஆனால் டிக்கெட் விற்றுப் பார்வையாளரை உள்ளே விடும் நாளில் இதே வாதம் அவ்வளவு சுலபம் இல்லை.

கார் போனால் பணம் போகும். உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால்? பாலிசியோடு வரும் 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவரும் அதே உபயோக நிபந்தனைக்குக் கட்டுப்பட்டதுதான், நம்ப வேண்டாம். ஹெல்த் இன்சூரன்ஸ் மட்டும் ஆச்சரியமாக உங்கள் பக்கம். 'எக்ஸ்குளூஷன் 09' என்ற பொது வாசகம் மோட்டார் பந்தயத்தைப் பெயர் சொல்லி விலக்குகிறது, ஆனால் "தொழில்முறை" பங்கேற்பை மட்டும்தான். வருடத்தில் சில ஞாயிறுகள் பொழுதுபோக்காகப் போகிறவர் தொழில்முறை ஓட்டுநர் இல்லை. டெர்ம் ஆயுள் பாலிசி எடுத்தபோது ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்று கேட்டிருப்பார்கள், அப்போதே டிராக்குக்குப் போய்க்கொண்டிருந்தும் "இல்லை" என்று எழுதியிருந்தால் திருத்திக் கொடுங்கள். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த பந்தயத்தில், பல வருட அனுபவம் உள்ள பந்தய ஓட்டுநர் கே.இ.குமாரே விபத்தில் இறந்தார். உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்காக இந்த ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக எக்ஸாஸ்ட். தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. மாற்றினால் 182ஏ(4)இன்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டிராக்குக்குள் யாரும் கேட்கமாட்டார்கள், வீட்டிலிருந்து டிராக் வரைக்கும் ரோட்டில் வருகிறீர்களே, அங்கேதான் பிடிப்பார்கள். சர்வேயரும் இதை ஒரு குறிப்பாக எழுதுவார், கம்பெனிக்கு இன்னொரு சாக்கு கிடைக்கும். அதற்காக சர்வே முடியும் முன் கழற்றி மறைக்காதீர்கள், அதுவும் நாய்க் கதைதான். ரிப்பேருக்குப் போகும்போது பழைய எக்ஸாஸ்டை மாட்டச் சொல்லுங்கள். டிராக்குக்கு மாற்றிய எக்ஸாஸ்ட்தான் வேண்டும் என்றால் காரை ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஏற்றிக் கொண்டுவாருங்கள். அதற்கு ஆகும் வாடகை, பம்பர் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

பாலிசியின் எல்லாப் பக்கங்களும், நீங்கள் கையெழுத்திட்ட பத்திரமும் எனக்கு வேண்டும், போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஃபாரத்தை அதுவரை நிரப்ப வேண்டாம்.